புற்றைச் சுற்றிய மண்

கேத்திப் பள்ளத்தாக்கில் சித்தப்பாவுக்கு முக்கால் ஏக்கர் குத்தகை நிலம் இருக்கிறது. கேரட், பீட்ரூட், கோஸ் என்று மாற்றி மாற்றிப் போடுவார். போன கார்த்திகையில் போயிருந்தபோது, வெயில் ஏறியதும் துவண்டு விழுந்த ஒரு கோஸ் செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். வேர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கிழங்குபோல முண்டும் முடிச்சுமாக ஒரு வீக்கம். பூச்சிமருந்துக் கடையில் இந்த நோய்க்குப் பெயர் ‘கிளப் ரூட்’.

“மருந்தடிக்கலையா சித்தப்பா?”

“எதுக்கு? இந்தக் கிருமி மண்ணுல எப்பவும் கெடக்கறதுதான் கண்ணு. மண்ணு புளிச்சாத்தான் எந்திரிக்கும். நான் மண்ணப் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்வது என்றால் சுண்ணாம்பு. நீலகிரி மண் மழையில் அரிபட்டு அரிபட்டு இயல்பிலேயே அமிலமானது. சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை இறக்கினால், அந்த ஒட்டுண்ணியின் வித்துகள் மண்ணிலேயே கிடந்தாலும் வேருக்குள் நுழைவது குறைந்துவிடும். வித்தை விட்டுவிட்டு மண்ணுக்குச் செய்யும் வைத்தியம்.

நான் பதினோரு வருஷம் கோவையில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டிகளை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் டாக்டர் மேசைக்கு அனுப்புவதுதான் வேலை. கோஸ் வேரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அத்தனை வருஷமும் நாங்கள் கட்டியில் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்காமல் விட்டோம் என்று யோசனை ஓடியது.

ஊதாவும் ரோஸும்

கட்டித் துண்டு முதலில் ஃபார்மலினில் ஊறும். பிறகு நீர் நீக்கி, மெழுகேற்றி, சின்ன சோப்புத் துண்டு மாதிரி ஒரு கட்டையாகிவிடும். அதை மைக்ரோடோம் கத்தியில் சீவினால் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனில் ரிப்பன் ரிப்பனாக வரும். மூச்சு பட்டால் பறந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் தகட்டில் ஏந்தி எடுக்க வேண்டும். அப்புறம் இரண்டு சாயம். ஹெமட்டாக்சிலின் செல்லின் உட்கருவை ஊதாவாக்கும். இயோசின் மற்றதையெல்லாம் ரோஸ் ஆக்கும்.

புற்றுச்செல்லின் உட்கரு பெருத்து, கோணலாகி, கறுத்த ஊதாவில் நிற்கும். கண் தானாக அங்கேதான் போகும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் “ஊதா எங்க நெருக்கமா இருக்கோ அங்க பாரு” என்றுதான் சொன்னார். சுற்றிலும் இருக்கும் ரோஸ் பரப்புக்கு ஸ்ட்ரோமா என்று பெயர் உண்டு. ஆனால் பேரிக்காய்ப் பெட்டியில் போட்ட வைக்கோலுக்கு என்ன மரியாதையோ அதுதான் அதற்கும்.

பேரிக்காய் என்றதும் இன்னொன்று. சில மார்பகக் கட்டிகளை அறுக்கும்போது கத்தி நறநறக்கும். பழுக்காத பேரிக்காயை அறுப்பதுபோல என்று மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு இந்த உவமைக்கு உரை தேவையில்லை. அந்த நறநறப்புக்குக் காரணம் புற்றுச்செல் இல்லை, ரோஸ் பகுதிதான். கணையப் புற்றுநோயில் இன்னும் மோசம்: கட்டியின் பருமனில் 80 முதல் 90 சதவீதம் வரைகூட ரோஸாகவே இருக்கும். தகட்டை நகர்த்தி நகர்த்தி, நார்க்காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்திருக்கும் புற்றுச்செல்களைத் தேட வேண்டும்.

அந்த ரோஸுக்குள் இருப்பவர்கள் பலர். கொலாஜன் என்னும் நார்ப்புரதம், அதைப் பின்னும் நார்ச்செல்கள், ரத்தக்குழாய்கள், நரம்பிழைகள், கொழுப்பு, ரத்தத்திலிருந்து வந்து குடியேறிய பலவகை வெள்ளணுக்கள். இவர்கள் எல்லோரும் மரபணுவில் பெரும்பாலும் ஒழுங்கானவர்கள், அந்த உடம்பின் சொந்தப் பிள்ளைகள். இந்தக் கூட்டத்தை இங்கே சூழ்திசு என்று சொல்லிக்கொள்கிறேன்.

மேற்கே இந்த நோய்க்கு நண்டின் பெயரை வைத்தார்கள். நாம் வைத்தது புற்று. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினால் தோப்போரத்தில் கரையான் புற்று பார்க்கலாம். ஆளுயரப் புற்றில் கரையானின் எடை எவ்வளவு இருக்கும்? மீதியெல்லாம் அந்த இடத்து மண். பெயர் வைத்தவர்கள் உருவத்தைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் பெயர் பொருத்தமாக விழுந்துவிட்டது.

கல்லில் முளைத்த விதை

மண் முக்கியம் என்று முதலில் எண்ணிக்கையோடு வாதிட்டவர் லண்டன் அறுவைசிகிச்சை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட். 1889-ல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். நோய் பரவுவது ரத்தம் போகிற போக்கில் நடப்பது என்றால், ரத்தம் ஏராளமாகப் பாயும் உறுப்புகள் எல்லாவற்றிலும் கட்டி சமமாக வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. கல்லீரலில் அடிக்கடி வந்திருந்தது, மண்ணீரலில் மிகக் குறைவு. விதை எல்லாத் திசையிலும் பறக்கும், ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்று எழுதினார். தமிழில் படிக்கும்போது ஒரு வேடிக்கை: இந்த விதை கல்லீரலில் முளைக்கிறது, மண்ணீரலில் முளைப்பதில்லை.

பேஜட்டின் கருத்தை நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தக்குழாய் போகும் வழியைப் பார்த்தாலே போதும் என்ற எதிர்வாதம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வலுவாக இருந்தது. 1980-ல் அமெரிக்காவில் ஐசையா ஃபிட்லரும் இயன் ஹார்ட்டும் செய்த சோதனை அதை அசைத்தது. எலியின் தொடைத் தசையில் நுரையீரல், முட்டையகம் (சினைப்பை), சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளைத் தனித்தனியே ஒட்டவைத்தார்கள். எல்லாத் துண்டுக்கும் ரத்த ஓட்டம் பிடித்தது. பிறகு மெலனோமா என்னும் தோல்புற்றின் செல்களை ரத்தத்தில் செலுத்தினார்கள். நுரையீரல் துண்டிலும் முட்டையகத் துண்டிலும் கட்டி வந்தது, சிறுநீரகத் துண்டில் வரவில்லை. இடம் ஒன்றுதான், தொடை. மண் வேறு.

எலும்பு இன்னும் தெளிவான உதாரணம். மார்பகம், புராஸ்டேட் புற்றுகள் எலும்பைத் தேடிப் போகும். அங்கே போன புற்றுச்செல், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதில் சேமித்து வைத்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வந்து புற்றுச்செல்லுக்கே உரமாகின்றன. உரம் கிடைத்ததும் அது இன்னும் அதிகமாகத் தூண்டுகிறது. இந்தச் சுழற்சியை உடைக்க இன்று கொடுக்கும் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகள் முதன்மையாகக் குறிவைப்பது எலும்பு கரைக்கும் செல்லை. சித்தப்பாவின் சுண்ணாம்பு வகை மருந்துகள் இவை.

ஆறாத புண்

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒரு கோழிக்குஞ்சின் சிறகில் நடந்தது. பெய்டன் ரூஸ் 1911-ல் கோழிகளில் புற்றை உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடித்தவர். 1966-ல்தான் அதற்கு நோபல் கிடைத்தது. அந்த வைரஸை ஒரு சிறகில் ஊசி போட்டால் அங்கே கட்டி வரும். வைரஸ் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போனாலும் மற்ற இடங்களில் வராது. ஏன் என்று மினா பிஸ்ஸல் குழு 1980-களில் கேட்டது. மறு சிறகில் ஒரு காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். அங்கேயும் கட்டி வந்தது. முதல் சிறகில் கட்டி வந்ததற்கே ஊசி குத்திய காயம் காரணமாக இருக்க வேண்டும். அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தபோது காயத்தில் கட்டி வருவதும் தடைப்பட்டது என்று அதே குழு பின்னர் காட்டியது. இன்னொன்றும் கண்டார்கள்: முட்டைக்குள் இருக்கும் இளங்கருவில் அதே வைரஸைச் செலுத்தினால் கட்டியே வருவதில்லை. ஆனால் அந்தக் கருவின் செல்களை எடுத்துத் தட்டில் வளர்த்தால் புற்றுச்செல்லாக மாறிவிடும். புற்றுக்கான கட்டளை உள்ளே இருந்தும், சுற்றியிருந்த இளந்திசு அதை அடக்கி வைத்திருந்தது.

காயத்துக்கும் கட்டிக்கும் என்ன உறவு? கொழுந்து பறிக்கும்போது கத்தி விரலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் உறைகிறது. தட்டணுக்கள் உடைந்து சில சைகைப் புரதங்களைக் கொட்டுகின்றன. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் வந்து குப்பையைக் கூட்டுகின்றன. தூங்கிக்கொண்டிருந்த நார்ச்செல்கள் விழித்து, சுருங்கி விரியும் தசை மாதிரியான புரதத்தை ஏற்றிக்கொண்டு, கொலாஜனைப் பின்னி, புண்ணின் வாயை இழுத்து மூடுகின்றன. புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. தோல் செல்கள் பெருகி மேலே படர்கின்றன. வேலை முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிட வேண்டும். நார்ச்செல்கள் பெரும்பாலும் செத்துப்போகும், தழும்பு மட்டும் மிஞ்சும்.

கட்டியில் இதே ஆட்கள், இதே வேலைகள், கலைவது மட்டும் இல்லை. ஹெரால்ட் டிவோராக் 1986-ல் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே கட்டிகளை ஆறாத புண் என்று சொன்னார். உடம்பு தன்னைப் பழுதுபார்க்கக் கூட்டிய கூட்டத்தைப் புற்று தனக்கு வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை. செல்கள் பெருகலாம், குழாய்கள் முளைக்கலாம், இடம்விட்டு இடம் நகரலாம் என்று புண்ணுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் அனுமதியெல்லாம் இங்கே நிரந்தரமாகிவிடுகிறது.

நார்ச்செல்கள் ஓயாமல் பின்னுவதால் திசு கெட்டியாகிறது. மார்பில் கை வைத்துத் தடவும்போது கல்மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்று பெண்கள் சொல்வது பெரும்பாலும் இந்தப் பின்னலைத்தான். கெட்டித்தன்மை வெறும் அடையாளமும் இல்லை. செல்களின் மேல்தோலில் இன்டெக்ரின் என்ற கொக்கிகள் உண்டு. அவற்றால் சுற்றியுள்ள நாரைப் பிடித்து இழுத்துப் பார்த்து, தான் நிற்கும் தரை மெத்தையா பாறையா என்று செல் அறிகிறது. பாறை என்று தெரிந்தால் பெருகு, நகர் என்ற கட்டளைகள் உள்ளே ஓடும். பிஸ்ஸல் குழு 1997-ல், மார்பகப் புற்றுச்செல்களைத் தட்டையான தட்டில் வளர்க்காமல் இயற்கைச் சூழல் போன்ற கூழில் வளர்த்து, ஒரு இன்டெக்ரின் கொக்கியை மட்டும் மறித்தது. கண்டபடி வளர்ந்தவை ஒழுங்கான சின்ன உருண்டைகளாக அடங்கின. மரபணுப் பிழைகள் அப்படியே இருந்தன. நடத்தை மட்டும் மாறியது.

திசு கெட்டியானால் என்ன ஆகும் என்பதை நான் தகட்டில் படிப்பதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த எங்கள் அத்தைக்கு வாயில் எந்நேரமும் பாக்கு இருக்கும். புகையிலை தொடமாட்டார், அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. குளிருக்கு வாய் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பார். முதலில் ஊறுகாய் பட்டால் எரிகிறது என்றார். பிறகு ரசமே எரிந்தது. ஒருநாள் பல் டாக்டர் மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். அத்தைக்கு ஒன்றரை விரல்தான் போனது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் கயிறு கயிறாக நெருடியது.

வாய்ச்சவ்வுக்கு அடியில் நார் கட்டும் நோய் அது. பாக்கில் உள்ள அரிகோலின் நார்ச்செல்களை உசுப்புகிறது. பாக்கில் செம்பும் அதிகம். கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் ஒரு நொதிக்குச் செம்பு வேண்டும். முடிச்சு விழுந்த நார் எளிதில் கரையாது. மேலே உள்ள சவ்வு மெலிந்து, அடியில் ரத்த ஓட்டம் குறைகிறது. இந்த நிலை வந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் வாய்ப்புற்று வருகிறது. புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுக் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-ல் முடிவு செய்தது. பாக்கின் வேதிப்பொருள்கள் மேலுள்ள செல்களின் மரபணுவையும் கெடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் விதை விழும் முன்பே மண் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டும் நோய் என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும். அத்தை பாக்கை விட்டார், ஆறு மாதம் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி வாயைத் திறந்து பழகினார். இப்போது இரண்டரை விரல். டாக்டர் சில மாதங்களுக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

மருந்து ஏறாத மலைப்பாதை

மே மாதத்தில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறுக்கு மேலே ஏறியவர்களுக்கு, கீமோ மருந்து ஏன் கட்டிக்குள் போவதில்லை என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். சாலை இருக்கிறது, வண்டியும் இருக்கிறது, நகர்வதுதான் இல்லை.

வளரும் கட்டி தனக்கு ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது என்று ஜூடா ஃபோக்மன் 1971-ல் எழுதினார். குழாயை முளைக்கவிடாமல் செய்தால் கட்டி பட்டினியால் வாடும் என்பது அவர் எண்ணம். அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. எதிர்பார்த்த அளவு அதிசயம் நடக்கவில்லை. தனியாகக் கொடுத்ததைவிட கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் நன்றாக வேலை செய்தது. இது புதிர். குழாயை அடைத்தால் கீமோவும் அல்லவா உள்ளே போகக் கூடாது?

கான்பூர் ஐஐடியில் வேதிப்பொறியியல் படித்து ஹார்வர்டில் பேராசிரியரான ராகேஷ் ஜெயின் இதைக் குழாய், அழுத்தம், ஓட்டம் என்று பொறியாளர் கண்ணால் பார்த்தார். கட்டிக்குள் முளைக்கும் குழாய்கள் அவசரத்தில் போட்டவை: வளைந்து, முட்டுச்சந்தாகி, சுவரெல்லாம் ஒழுகும். ஒழுகிய நீர் வடிய வழியின்றித் திசுவுக்குள் அழுத்தம் ஏறும். உள்ளே அழுத்தம் குழாயின் அழுத்தத்துக்குச் சமமாகிவிட்டால் மருந்து எதை நம்பி வெளியே பாயும்? போதாக்குறைக்கு, சுற்றியுள்ள நார் இறுகிக் குழாய்களையே நசுக்குகிறது. குழாய்-எதிர் மருந்தை அளவாகக் கொடுத்தால் கோணல் குழாய்கள் உதிர்ந்து, மிஞ்சியவை கொஞ்ச காலம் ஒழுங்காகின்றன, அந்த இடைவெளியில் கீமோ உள்ளே போகிறது என்று 2001-ல் அவர் முன்வைத்த விளக்கம் பல ஆய்வுகளில் தாங்கி நின்றிருக்கிறது.

ரத்தம் சரியாகப் போகாத இடத்தில் ஆக்சிஜனும் இராது. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரம் தாண்டினால் திசுவில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கதிர்வீச்சால் கொல்ல இரண்டரை, மூன்று மடங்கு அளவு தேவைப்படும்.

ஊட்டி உயரம், காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் இங்கே புற்று வேகமாக வளருமா என்று என்னிடம் இரண்டு பேராவது கேட்டிருக்கிறார்கள். கட்டிக்குள் நேரும் பஞ்சத்துக்கும் 2,240 மீட்டர் உயரத்துக்கும் சம்பந்தமில்லை, அது உள்ளூர்ச் சாலை பழுது. ஆனால் ஒரு தொடர்பு சுவாரசியமானது. உயரத்தில் வாழ்பவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சற்றுக் கூடுதல். அதைக் கூட்டும் மரபணு விசையைத் தேடியபோதுதான், ஆக்சிஜன் குறைந்ததும் விழித்துக்கொள்ளும் எச்ஐஎஃப் என்ற புரதம் பிடிபட்டது. 2019 மருத்துவ நோபல் அந்த வழித்தடத்துக்குத்தான். மலைவாசிக்கு ரத்தம் ஊற வைக்கும் அதே விசையைத்தான், மூச்சுமுட்டும் கட்டியும் தட்டிப் புதுக் குழாய்களை வரவழைக்கிறது.

ஆக்சிஜன் குறைவாலும் சர்க்கரையை அரைகுறையாக எரிக்கும் புற்றுச்செல்லின் பழக்கத்தாலும் லாக்டிக் அமிலம் சேர்ந்து கட்டியின் சுற்றுப்புறம் புளிக்கிறது. உடனே சித்தப்பாவின் சுண்ணாம்பு நினைவுக்கு வரும். வரக் கூடாது. காரத்தன்மையுள்ள தண்ணீர் குடித்தால் புற்று ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் வியாபாரம். ரத்தத்தின் காரத்தன்மையை நுரையீரலும் சிறுநீரகமும் மிகக் குறுகிய எல்லைக்குள் கட்டிவைத்திருக்கின்றன. எந்தத் தண்ணீர் குடித்தாலும் அது மாறாது. கட்டிக்குள் ஊறும் அமிலம் அங்கேயே ஊறுவது. உவமையைச் சமையலறை வரை இழுத்துப்போவதில் இதுதான் ஆபத்து.

வேலியோரம் நிற்கும் காவல்

நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றிப் புத்தகமே எழுதலாம். சூழ்திசுவோடு தொட்டதை மட்டும் சொல்கிறேன். மேக்ரோஃபேஜ் இரண்டு குணம் உள்ள செல். கிருமியைக் கண்டால் கொல்லும். புண்ணைக் கண்டால் ஆற்றும். கட்டி அதை ஆற்றும் குணத்திலேயே நிறுத்திவைக்கிறது. டி செல்கள் என்னும் நேரடிக் கொலையாளிகள் சில கட்டிகளில் உள்ளே நிறைந்திருக்கின்றன, சிலவற்றில் நார்வேலிக்கு வெளியே வரிசையாக நிற்கின்றன, சிலவற்றில் வரவே இல்லை. உள்ளே போனவற்றையும் கட்டி பிடி-1 என்ற பிரேக்கை மிதித்து நிறுத்திவிடும். அந்த மாதிரி பிரேக்குகளைக் கண்டுபிடித்து விடுவித்ததற்கு ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பெற்றார்கள். பிரேக்கை எடுத்தாலும் வண்டி வேலிக்கு வெளியே நின்றால் பயனில்லை. இந்த மருந்துகள் சிலருக்கு அற்புதமாகவும் சிலருக்குத் துளியும் வேலை செய்யாமலும் போவதற்கு அது ஒரு காரணம்.

இதில் ஒரு பழைய தந்திரம் எனக்குப் பிடிக்கும். காசநோய்க்குக் குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி, கிண்டியில் 1948 முதல் தயாரானது. அதையே சிறுநீர்ப்பையின் மேலோட்டமான புற்றுக்கு, குழாய் வழியாகப் பைக்குள் விடுகிறார்கள். 1976-ல் தொடங்கிய முறை, இன்றும் நடப்பில் உள்ளது. உயிருள்ள பலவீனக் கிருமி பைச்சுவரில் கலவரம் மூட்டுகிறது. கலவரத்துக்கு ஓடிவரும் செல்கள் புற்றையும் சேர்த்துத் தாக்குகின்றன.

வெட்டிய சீகைக்காடு

இவ்வளவும் படித்தால் யாருக்கும் தோன்றுவது: சூழ்திசுதான் துணைபோகிறது என்றால் அதை அழித்துவிடலாமே. விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

2009-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணையப் புற்று வந்த எலிகளில், நார்ச்செல்களை வளர்க்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற சைகையை மருந்தால் அடைத்தார்கள். நார்க்காடு மெலிந்தது. நசுங்கியிருந்த குழாய்கள் திறந்தன. ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்து உள்ளே போனது. எலிகள் சில நாள் கூடுதலாக வாழ்ந்தன. ஊரெல்லாம் கொண்டாட்டம். அதே வகை மருந்தோடு மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. மருந்து சேர்த்துக் கொடுத்தவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களைவிட மோசமானார்கள். 2012-ல் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

2014-ல் இரண்டு குழுக்கள் காரணத்தைக் காட்டின. எலிகளில் நார்ச்செல்களை மரபணு வழியாகவே அகற்றியபோது கட்டி மிருதுவானது, ஆனால் புற்றுச்செல்கள் மேலும் முரடாகின, எலிகள் சீக்கிரம் இறந்தன. அந்த நார்க்காடு மருந்தை மறித்த அதே நேரத்தில் புற்றையும் கட்டிப்போட்டிருந்திருக்கிறது. வேலி இரண்டு பக்கமும் வேலைதானே செய்யும்.

இதைப் படித்தபோது எனக்குக் கொடைக்கானல் மலை ஞாபகம் வந்தது. நீலகிரியைப் போலவே, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம் புல்வெளிகளை விழுங்கியிருக்கிறது. தோல் பதனிடும் பட்டைக்காக நட்டது, இன்று நடாமலேயே பரவுகிறது. வெட்டி எறிந்தால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் விழுந்தால், அல்லது தீ வைத்தால், ஒன்றுக்கு நூறாக முளைக்கும். வெட்டிய இடத்தில் உண்ணிச்செடியும் வந்து சேரும். இன்னொரு பக்கம், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்ந்து வருவதைப் பழனி மலையில் இயற்கை ஆர்வலர்கள் பல வருஷமாகக் கவனித்திருக்கிறார்கள். அந்த நிழலை ஒரே நாளில் எடுத்தால் கன்றும் காய்ந்துவிடும். எங்கே அடியோடு பிடுங்க வேண்டும், எங்கே விட்டுவைத்து மெல்ல மாற்ற வேண்டும் என்று இடம் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கணைய ஆய்விலும் பேச்சு அப்படித்தான் திரும்பியிருக்கிறது. நார்ச்செல்களைக் கொல்வதற்குப் பதில் மறுபடி தூங்கவைக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். வைட்டமின் டி போன்ற ஒரு சேர்மம் எலிகளில் அதைக் கொஞ்சம் செய்தது. ரத்தக்கொதிப்புக்கு நம் வீடுகளில் தினமும் போடும் லோசார்டன் மாத்திரை நார் பின்னுவதைக் குறைத்து, நசுங்கிய குழாயைத் திறக்கிறது என்று ஜெயின் குழு எலிகளில் கண்டது. கீமோ, கதிர்வீச்சோடு அதைச் சேர்த்து 49 நோயாளிகளுக்குக் கொடுத்த சிறிய ஆய்வு 2019-ல் வெளிவந்தபோது, அறுக்க முடியாது என்று விட்ட கட்டிகளில் பலவற்றை அறுத்தெடுக்க முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைக்காத ஆய்வு அது. 2009 எலிகளுக்குக் கொட்டிய மேளத்தை நினைத்துக்கொண்டு இதைப் படிப்பது நல்லது. யாரும் பீரோவில் இருக்கும் பிபி மாத்திரையை எடுத்துக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சென்ற மாதம் பழைய கூடத்துக்குப் போயிருந்தேன். என் இடத்தில் இப்போது ஒரு சின்னப் பெண். முக்குறி எதிர்மறை என்று சொல்லும் வகை மார்பகக் கட்டி ஒன்றின் தகட்டை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதாக் கூட்டத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு, அவற்றுக்கு இடையிலிருந்த ரோஸ் பரப்பில் வெகுநேரம் நின்றார். அந்த ரோஸில் எத்தனை சதவீதம் இடத்தை எதிர்ப்புச் செல்கள் நிரப்பியிருக்கின்றன என்று எண்ண வேண்டும். அது கூடுதலாக இருந்தால் இந்த வகைக் கட்டியில் மருந்துக்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். எண்ணும் முறைக்கு 2014-ல் பல நாட்டு நோய்க்குறியியலாளர்கள் சேர்ந்து விதி வகுத்திருக்கிறார்கள். என் காலத்தில் அந்தக் கூட அறிக்கைகளில் இல்லாத ஒரு வரி.

“அம்பது போடு,” என்றார் டாக்டர். அந்தப் பெண் தட்டச்சு செய்தாள்.